பாஸ் இல்லை

எங்கள் கார் என்னைவிட நான்கு வயது மூத்தது. எந்தக் கம்பெனிக் கார் என்று எழுத மாட்டேன். அதைச் செய்தவர்கள் நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். இத்தனை காலம் கழித்தும் ஒரு டீச்சர் அதைத் தினமும் மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கும் அதற்கு மேலேயும் ஏற்றிக்கொண்டிருப்பாள் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. நம்பர் தகட்டில் இன்னும் அந்தக் காலத்து ஸ்ரீ எழுத்து இருக்கிறது. அதைக் கண்டாலே பின்னால் வருகிற பஸ்காரர்களுக்கு ஹார்ன் அடிக்கத் தோன்றிவிடுகிறது.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். வேலையை விட்டு வந்தபோது தோட்டத்து மேலாளரான துரையிடமிருந்து இந்தக் காரை வாங்கினார். அவருக்குப் பிறகு அண்ணன்மார் இரண்டு பேரும் இது வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை. வீம்புக்கு நான் எடுத்துக்கொண்டேன். வீம்புக்கு எடுத்தது பிறகு உயிராகிப் போயிற்று. எனக்கு அந்தக் காரை அவ்வளவு பிடிக்கும். இதைச் சொல்ல வெட்கமில்லை.

ரிவர்ஸ்டன் போகிற ரோட்டில், ரத்தோட்டை தாண்டி ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ரத்தோட்டையில் தபால் கந்தோரில் வேலை. காலையில் அவரை அங்கே இறக்கிவிட்டு நான் மேலே போவேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பழகவும் மாட்டேன் என்கிறார். ஆனால் தள்ளுவதில் கெட்டிக்காரர். காரின் ஸ்டார்ட்டர் மனது வைத்தால் வேலை செய்யும், பெரும்பாலும் வைக்காது. ஒன்பது வருடமாக எங்கள் ஒழுங்கையில் காலை ஆறரைக்கு அவர் சப்பாத்தும் டையுமாகக் காரைத் தள்ளுவதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தார் கடிகாரத்தைச் சரிபார்க்கிறார்கள்.

"உங்கப்பா எனக்குக் கார் குடுக்கல டீச்சர், வேலை குடுத்திருக்காரு" என்பார். அவருக்குக் கோபம் வந்தால் நான் டீச்சர்.

இப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. சரிவு வேண்டும், மூக்கு கீழே பார்க்க வேண்டும், முன்னால் யாரும் நிறுத்தக் கூடாது. எனவே நான் பல் டாக்டரை மாற்றினேன். புதியவரின் கை கொஞ்சம் முரடு, ஆனால் வாசலில் அருமையான இறக்கம். சமதரையில் வீடு கட்டிய சொந்தக்காரர்களோடு போக்குவரத்துக் குறைந்துவிட்டது. அவர்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை.

வைப்பர் இரண்டில் ஒன்றுதான் ஓடும், அதுவும் அவர் பக்கத்தில். ரத்தோட்டைக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டால் அவர் ரோட்டை வாசித்துக்கொண்டே வருவார். "முன்னால வேன். வளைவு. நாய் ஒண்ணு. நாய் போயிருச்சு." பத்திரிகையைக்கூட அவர் இவ்வளவு அக்கறையாக வாசித்து நான் பார்த்ததில்லை.

கரைச்சல் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை வருகிற புகை டெஸ்டில்தான். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருட லைசன்ஸ் கிடையாது, லைசன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஏற முடியாது. போன வருடம் மூன்றாவது தடவைதான் தேறியது. டெஸ்ட் பார்த்த பையன்கள் இருமியதை என் வீட்டுக்காரர் வீடு வீடாக நடித்துக் காட்டினார். இந்த வருடம் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரே தடவைதான். தேறாவிட்டால் தம்புள்ளை முதலாளிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

தம்புள்ளை முதலாளி மரக்கறி மொத்த வியாபாரி. நாங்கள் ரத்தோட்டைக்குப் போகிற மெயின் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அதன் வாசலில் எங்கள் காரை நிறுத்தி, பொண்ணு மாப்பிள்ளையை உட்காரவைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "எஞ்சினைக் கழட்டிப் போட்டு அதுக்குள்ள பூச்சாடி வைப்பம்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நிபந்தனைக்குச் சரி என்றேன். ஒன்பது வருடம் தள்ளிய மனிதரிடம் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது?

லைசன்ஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார். டெஸ்டுக்கு முன் பாஸிடம் காட்டினால் புகையைக் குறைத்துத் தருவார் என்று முதலில் கராஜுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மெக்கானிக், மேசன், தச்சன் எல்லோரும் பாஸ்தான். எங்கள் பாஸ் சிங்களவர், தோட்டத் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவார், காரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்த ஒரே ஆள். கராஜில் பூட்டுத் தொங்கியது. சொந்தத்தில் ஒரு சாவு, வில்கமுவைக்குப் போயிருக்கிறார் என்றார் பக்கத்துக் கடை அக்கா. வில்கமுவைக்குப் போனவர் பஸ் பிடித்துத் திரும்புவதென்றால் வெள்ளிக்கிழமையும் போய்விடும்.

வீட்டுக்காரருக்குப் போனில் ஒரு வரி போட்டேன்: "பாஸ் இல்லை. என்ன செய்ய?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சரி விடு. மனசப் போட்டுக் குழப்பிக்காத. நான் பாத்துக்கிறேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விடுவதாம்! கார் போகட்டும் என்றுதானே இருக்கிறார், பாஸ் இல்லாதது அவருக்கு வசதிதானே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், போனைக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான். பிறகு அதே கோபத்தில் பாஸையே கூப்பிட்டேன்.

பாஸ் மரண வீட்டில் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

"டீச்சர், மூச்சு எப்படி இருக்கு? இழுக்குதா?"

"விட்டு விட்டு இழுக்குது பாஸ்."

"இருமலு?"

"இருக்கு."

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் யாருக்கு முடியவில்லை என்று சிங்களத்தில் கேட்டாள். மாத்தளையில் ஒரு பழைய ஆள் என்று பாஸ் சொன்னார். ஐயோ பாவம் என்றாள் அவள். பாஸ் மறுக்கவில்லை, அவரைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை. பிறகு எனக்கு வழி சொன்னார். கார்புரேட்டரில் ஒரு பித்தளை இஸ்குருப்பு இருக்கிறது, வலது பக்கமாகக் கால் சுற்று, அதற்கு மேல் கை வைத்தால் கதை முடிந்தது. என் கைப்பையில் ஸ்குரூ டிரைவர் எப்போதும் இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி, கால் சுற்றுத் திருப்பினேன்.

"இப்ப எஞ்சினைக் கேக்க வைங்க" என்றார். போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அங்கே அழுகை, இங்கே எஞ்சின். "ஆ, இப்ப நல்லா இருக்கு" என்று பாஸ் வாய்விட்டே சொல்லிவிட்டார். மரண வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது, லைன் வெட்டுப்பட்டது.

பதினொன்றே காலுக்கு டெஸ்ட் முடிந்தது. முதல் தடவையிலேயே தேறிவிட்டது. பையன் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை போட்டான். மறுபடியும் தேறியது. சான்றிதழை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. 'சரி விடு' என்று சொன்ன ஆளுக்குப் போனில் சொல்வதா? முகத்துக்கு நேரே நீட்டி, முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். என்ன பேசுவது என்று சமைக்கும்போதே ஒத்திகை பார்த்தேன். மூன்று பாகமாக இருந்தது.

நாலு மணிபோல் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். நான் பின்கட்டில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் போனில் பேசுவது கேட்டது. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதற்கு மேலும் கத்துவார்.

"பாஸ் ஆகலைதான் முதலாளி" என்றார். "ஆனா காரைக் குடுக்கிறதா இல்ல."

"லைசன்ஸ் இல்லாம ரோட்டில எடுக்க ஏலாதே" என்றது தம்புள்ளைக் குரல். "வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"ஷெட்டில வச்சிருப்போம். ஞாயித்துக்கெழமை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுக்கிறோம்."

"சும்மா கெடந்து துருப்பிடிக்கிறதுக்கு என்ட மண்டபத்தில அழகா நிக்குமே."

"நிக்கும் முதலாளி. ஆனா என் சம்சாரம் அந்த ரோட்டால பஸ்ஸில போகணும். உங்க மண்டபம் வந்தா அவ தலையை அந்தப் பக்கம் திருப்பிக்குவா. அதை நான் பக்கத்து சீட்டில உக்காந்து பாக்கணுமா? என்னால முடியாதுங்க. கோவிச்சுக்காதீங்க."

நான் கொடியடியில் நின்றுவிட்டேன். பாஸ் ஆகவில்லை என்று இவருக்கு யார் சொன்னது? போனை எடுத்து நான் காலையில் அனுப்பியதைப் பார்த்தேன். பாஸ் இல்லை. கராஜ் பாஸுக்கும் பரீட்சை பாஸுக்கும் வாயில்தான் வித்தியாசம், எழுத்தில் இரண்டும் ஒன்று. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் நான்.

உள்ளே போனேன். மேசையில் ஒரு பார்சல் ரோல்ஸ் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும், நான் காருக்காக அழுதேன் என்று நினைத்துவிட்டார்.

"குந்து" என்றார். "சாப்பிடு. காரை எங்கயும் அனுப்பல. நாளையிலருந்து ஆறே கால் பஸ். நான் முன்னாலயே ஏறி உனக்கு சீட் புடிச்சு வைக்கிறேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் அந்தக் காரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தார். ரோல்ஸைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பஞ்சி, சோம்பல் பார்க்காத எஞ்சின் என்றார். இந்தக் காலத்துக் கார்களின் தகரம் வெறும் பேப்பர், இதுதான் இரும்பு என்றார். நான் தலையாட்டத் தலையாட்ட அவர் ஏறிக்கொண்டே போனார். எனக்குக் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்றும் இருந்தது. என் மூன்று பாகப் பேச்சில் ஒரு வரிகூட இப்போது நினைவுக்கு வரவில்லை.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் எழுந்துபோய் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தார், பழைய பெனியன் ஒன்றை எடுத்தார். "தூசியோட ஷெட்டில ஏத்தக் கூடாது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அந்தக் காரைத் தள்ளுவதற்குத் தவிர வேறெதற்கும் தொட்டதில்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து சான்றிதழை எடுத்து நீட்டினேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசித்தார். தபால் கந்தோர்க்காரர், எதையும் இரண்டு முறை வாசிப்பார். நான் பாஸ் கதையைச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எத்தனை மணிக்குத் தேறிச்சு?"

"பதினொண்ணே காலுங்க."

"நான் முதலாளிகிட்ட பேசினது நாலு மணிக்கு."

"ஆமாங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நேரமும் நான் சும்மாவா நல்லவனா இருந்தேன்?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆசை அதற்கு முன் வந்ததில்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை, பெனியனைப் பிழிந்துகொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டார்.