மூட்டையின் பின்பக்கத்தில் ஒரு பெயர்

எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று சொன்னேன். பொய். அந்தப் பொய்யினால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. போயிற்று என்பதும் சரியில்லை... நான் போக்கினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் உங்களுக்கு என்மீது இரக்கம் பிறந்துவிடும். அந்த இரக்கத்தை நம்பாதீர்கள்!

ஜொகூர் பாருவில் வீடியோ கேம் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். முழு விளையாட்டையும் நாங்கள் செய்வதில்லை. அதை வெளிநாட்டுக்காரர்கள் செய்வார்கள். அதற்குள் கிடக்கும் பீப்பாய், கயிறு, உடைந்த நாற்காலி... இவற்றைக் கணினியில் வடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. என்ன விளையாட்டு என்று வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறோம். விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலிலும் எங்கள் பெயர் வராது.

என் தந்தை கூலாய்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பாடப்புத்தகம் திறந்த முதல் ஆள் நான்.

"என்னாடா வேலை அது? ஒரு நாளாச்சும் காட்ட மாட்டேங்குறியே?" என்பார்.

"காட்டக் கூடாதுப்பா. சொல்லவும் கூடாது."

"ஓஹோ, கவர்மென்ட் ரகசியம்!" என்று சிரிப்பார். பிறகு, "திருட்டு வேலை ஒன்னும் இல்லியே?" என்பார். இந்த இரண்டாவது கேள்வியில் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கும்.

போன ஆண்டு எங்களுக்கு ஒரு விளையாட்டில் வரும் பழைய துறைமுகக் கிடங்கு வேலைக்கு வந்தது. எனக்குக் கிடைத்தது சாக்கு மூட்டை. தையல், தூசு, எலி கடித்த ஓட்டை... ஒரே மூட்டையில் இரண்டு வாரம் கிடந்தேன். கடைசி நாளன்று அதன் பின்பக்கத்தில், சுவரோடு ஒட்டிக் கிடக்கும் என்று நான் நினைத்த பக்கத்தில், மை பாதி அழிந்ததுபோல் தமிழில் எழுதினேன். மாரிமுத்து.

என் தந்தையின் பெயர்.

ஏன் எழுதினேன்? பாசமா? பாசமென்றால் எதற்குப் பின்பக்கம்? எங்காவது ஓர் இடத்தில் நாங்கள் இருந்தோம் என்ற அடையாளமா? என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வாய்க்கு வரும் பதில் எதையும் நான் நம்புவதில்லை.

விதி தெரியாமல் செய்யவில்லை. வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாத ஓர் எழுத்துகூட எந்தப் பொருளிலும் இருக்கக் கூடாது. எந்த மொழியில் என்ன எழுதியிருக்கிறதோ, யார் சாமியை யார் ஏசியதாகுமோ என்று அவர்களுக்கு அச்சம். அதெல்லாம் எனக்குத் தெரியும்!

நாங்கள் செய்த பொருளை எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது என்பது எங்கள் கையில் இல்லை. இதை மட்டும்தான் நான் அன்று மறந்துபோனேன். வெளிநாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் என் மூட்டையைப் படியெடுத்துக் கிடங்கு முழுவதும் அடுக்கினார்கள். ஒன்றைப்போல் ஒன்று தெரியாமலிருக்க ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். திரும்பிய இடமெல்லாம் என் தந்தையின் பெயர்!

சிவப்பு வட்டங்கள் போட்ட படம் ஒன்று வந்து சேர்ந்தது. இது என்ன எழுத்து? யார் போட்டது?

எங்கள் புரொடியூசர் கென்னி, அலுவலகத்திலிருந்த தமிழர் இருவரையும் அறைக்குள் அழைத்தார். ஒருவன் நான். மற்றவர் எங்கள் குழுத் தலைவி யோகேஸ்வரி. பாசிர் கூடாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். எல்லோருக்கும் யோகா, எனக்கு யோகா அக்கா. "ரெண்டு வாரமா அந்த மூட்டையோடயே குடித்தனம் நடத்துறியேடா, பத்திரிகை எப்ப வைப்ப?" என்று என்னைக் கிண்டல் செய்தவர். நாங்கள் செய்வதையெல்லாம் கடைசியாகத் திருத்தி, ஒன்றுசேர்த்து அனுப்புவது அவர்தான். ஆகவே மூட்டையில் கடைசியாகக் கைவைத்தவர் என்று பதிவேட்டில் இருந்ததும் அவர் பெயர்தான்.

கென்னி கைபேசியை எழுத்தின்மேல் காட்டிப் பார்த்தார். பாதி அழிந்த எழுத்து. கைபேசி ஏதேதோ உளறியது. "யூ கேன் ரீட் ஆர் நாட்?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

"கெனாட் லா, பாஸ். ஐ மலாய் ஸ்கூல்."

ஆறு ஆண்டுகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, கட்டுரைப் போட்டியில் கோப்பை வாங்கியவனின் வாய் அது! எவ்வளவு சுலபமாக வந்தது...

அக்கா என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். இந்த நாட்டில் நம் பெயரோடு தகப்பன் பெயரும் சேர்ந்துதான் வரும். கதிரவன், தந்தை பெயர் மாரிமுத்து. கென்னியின் கண்ணுக்கு நேரே, அவர் வாசிக்கக்கூடிய ரோமன் எழுத்தில், அது தொங்கிக்கொண்டிருந்தது.

"ரைஸ்," என்றார் அக்கா. "இட் ஸே ரைஸ் ஒன்லி."

"ஸோ, யூ புட்?"

"நோ."

"தென் ஹூ?"

அக்கா படத்தைக் கென்னியின் பக்கமே தள்ளி வைத்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்: "டேய், நீயே போயி சொல்லிரு. ஒரு வார்னிங் லெட்டரோட முடிஞ்சிரும்."

"என்னாக்கா சொல்றீங்க? எனக்கு ஒன்னும் புரியல."

"சரி, புரியலைன்னா விடு," என்று போய்விட்டார்.

அன்றே என் கணினியில் இருந்த மூலக் கோப்பிலிருந்து அந்த எழுத்தை நீக்கினேன்.

பிறகு தொடங்கியது சந்தேகம். ஏன் என்னைக் காப்பாற்றினார்? சும்மா யார் யாரைக் காப்பாற்றுவார்? என் குடுமியைக் கையில் வைத்துக்கொள்ளவா? அக்கா கென்னியோடு சாப்பிடப் போனால் நானும் பின்னாலேயே போய்ப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன். தேநீர் கலக்கும் பேன்ட்ரியில் யாராவது சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று பட்டது. அக்கா என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்தியிருந்தார். அதுவும் ஒரு சதியாகத் தெரிந்தது. குற்றம் செய்தவன் நான். உளவு பார்த்தது அவரை!

மூன்றாம் நாள் கென்னி என்னைத் தனியே அழைத்தார். யோகா இதற்குமுன் இப்படி ஏதாவது செய்ததுண்டா என்று கேட்டார்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

"ஐ டோன்ட் நோ, பாஸ்... பட் ஷி வெரி லவ் தமிழ்," என்றேன்.

அவ்வளவுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அக்காவின் மேசையில் தமிழ் நாட்காட்டி இருந்ததும் உண்மை. கென்னி தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். அக்கா என்னைக் காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன் என்று எனக்கு நிம்மதி! ஆம், நிம்மதிதான். வேறு நல்ல சொல் போட்டு அதை மறைக்க மாட்டேன்.

எங்களுக்கெல்லாம் ஒப்பந்த வேலை. ஒரு விளையாட்டு முடிந்தால் அடுத்ததற்குப் புதுப்பிப்பார்கள். அந்தக் கிடங்கு விளையாட்டு முடிந்தபோது அக்காவுக்கு மட்டும் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள்வரை அவர் என் பெயரைச் சொல்லவில்லை. பொருள்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு, "பாத்து இருடா," என்று மட்டும் சொன்னார். மின்தூக்கி மூடும்வரை அந்தச் சொல்லுக்குள் மிரட்டல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நின்றேன். இல்லையே என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது... மிரட்டியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

குழுத் தலைவர் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இதைத் தமிழில் எழுதுவதும் ஒரு தந்திரம்தானோ? இந்த அலுவலகத்தில் இதை வாசிக்கக்கூடியவன் இப்போது நான் ஒருவன்தான்.

மூன்று வாரத்திற்கு முன் ஒரு மின்னஞ்சல் வந்தது. கோலாலம்பூரில் உள்ள வேறொரு கேம் நிறுவனம். யோகேஸ்வரி அங்கே விண்ணப்பித்திருக்கிறார். தம்மைப் பற்றி விசாரிக்க அவர் கொடுத்த பெயர் என் பெயர்!

ஏன் நான்? கென்னியிடம் நான் சொன்னது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே கொடுத்தாரா? சோதிக்கிறாரா? பார்த்தீர்களா... இப்போதும் என் புத்தி அவரைத்தான் சந்தேகிக்கிறது.

இணைப்பைத் திறந்து படிவத்தை நிரப்பினேன். திறமை, நேரந்தவறாமை, குழுவோடு பழகுதல்... எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். கடைசிக் கட்டம்: வேலையை விட்ட காரணம், ஒழுங்குப் பிரச்சினை ஏதும் உண்டா?

'தவறு அவருடையதல்ல, என்னுடையது' என்று எழுதினேன். அழித்தேன். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த வரி மறுநாளே கென்னியிடம் வந்து சேரும். 'ஒப்பந்தம் முடிந்தது' என்று எழுதப் போனேன். ஏனோ அதற்கும் கை வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

ஆள் எடுக்கும்போது இத்தகைய படிவங்களை இப்போது நானும் பார்க்கிறேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், 'ஏதோ இருக்கு' என்று ஒதுக்கி வைப்போம். தெரிந்துதான் விட்டேன்.

அன்று மாலை அக்காவின் வாட்ஸ்ஆப் வந்தது. "ஃபார்ம் அனுப்பிட்டியா தம்பி?"

"அனுப்பிட்டேன் கா."

"தேங்க்ஸ்டா. கூப்பிடுவாங்க போல. ஃபோனைக் கையிலயே வச்சிருக்கேன்."

அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கேட்கும் தைரியம் எனக்கில்லை.

அந்தப் படிவத்தை இன்னும் திருத்தலாம், இணைப்பு மூடப்படவில்லை. இன்று காலையும் திறந்தேன். காலியான அந்தக் கட்டத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குக் கூட்டம் இருந்தது. மூடிவிட்டுப் போனேன்.