காது இரைகிறதா

அறுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, ராயபுரத்தில் பாதிப் பேர் என்னைத் தவணைப் புடவைக்காரி என்று நினைத்திருந்தார்கள். தோளில் துணிப்பை, கையில் நோட்டு, வீடு வீடாக ஏறி இறங்குகிற பெண், வேறென்ன நினைப்பார்கள். நானும் மறுத்ததில்லை. பைக்குள் இருந்தது புடவை இல்லை, மூடி போட்ட சளி டப்பாக்கள். விஷயம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தெருமுனையிலேயே என்னைப் பார்த்துவிட்டு, "சளி டப்பா அக்கா வருது" என்று உள்ளே போய்ச் சொல்லும். அதற்கு அவர்களுடைய அம்மாக்களிடம் உதை வாங்கும்.

காசநோய்க்கு மருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் கல்மண்டபம் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தில் கிளை போட்டிருந்தார்கள். டாக்டர் இருந்தார், எக்ஸ்ரே இருந்தது, மருந்து இலவசம். ஆள்தான் வரவில்லை. அந்த நோய் என்று வெளியில் தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார், பொதுக் குழாயில் குடம் வைக்க விடமாட்டார்கள். அதனால் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி தேவைப்பட்டாள். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எனக்கு எல்லாச் சந்தும் அத்துப்படி, வாயும் நீளம். இந்த மூன்று தகுதிக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். இருமுகிறவர்களைப் பேசிச் சமாளித்துக் கூட்டி வருவதும், ஊசி நாளில் அவர்கள் வந்தார்களா என்று பார்ப்பதும், அட்டையில் எழுதுவதும் என் வேலை.

ஆராய்ச்சி என்ன என்பதை டாக்டர் எனக்கு முதல் வாரமே விளக்கினார். பாதிப் பேருக்கு வாரம் இரண்டு ஊசி, கூடவே கொஞ்சம் மாத்திரை. பாதிப் பேருக்கு ஊசி இல்லாமல் தினமும் மாத்திரை மட்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய கவரில் இருக்கும். கவர்கள் வரிசை எண் போட்டு ஒரு மரப்பெட்டியில் இருந்தன. புது நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்ததும் அடுத்த கவரைக் கிழிப்பார்.

"இதுல எது சார் ஒசத்தி?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு?" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. மாத்திரையை நாமே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வோம், ஊசி வலிக்கும், அதனால் நோயும் பயப்படும். இது எனக்குத் தெரிகிறது, இவ்வளவு படித்தவருக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு மீன்காரி இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள், நான் அக்கா என்பேன். புருஷன் கப்பலில் மூட்டை சரிந்து செத்துப்போய் மூன்று வருஷம். ஒரே மகள், ஏழு வயது. விடியற்காலையில் காசிமேட்டில் கூடை நிரப்பிக்கொண்டு வந்து தெருத் தெருவாகக் குரல் கொடுத்துப் போவாள். மாடி ஜன்னலில் யாராவது மெல்லக் கூப்பிட்டால்கூட அவள் காதில் விழுந்துவிடும். மூன்றாவது மாடியில் குழம்பு கொதிக்கிற சத்தத்தை வைத்தே என்ன மீன் வேண்டும் என்று சொல்வேன் என்று பீற்றிக்கொள்வாள்.

அவள் இருமத் தொடங்கியபோது நான்தான் பின்னாலேயே திரிந்தேன். ஒரு மாதம் டபாய்த்தாள். கடைசியில், "நீ கீறியேன்னுதான் வரேன். வேற எவ கூப்ட்டாலும் வரமாட்டேன்" என்று எக்ஸ்ரேவுக்கு வந்தாள். வலது பக்கம் நுரையீரலில் பெரிய ஓட்டை.

மருந்து தொடங்குகிற நாள் காலை, டாக்டர் வருவதற்கு முன்னால் அறையைத் துடைக்கும்போது அந்த மரப்பெட்டி திறந்திருந்தது. முதல் கவரை எடுத்து ஜன்னல் வெயிலில் காட்டினேன். மட்டமான கவர், உள்ளே அச்செழுத்து தெரிந்தது. மாத்திரை. அடுத்த கவரையும் காட்டினேன். ஊசி. இரண்டையும் இருந்தபடியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். நான் எதையும் தொடவில்லை, மாற்றவில்லை என்று பிறகு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெஞ்சில் அக்கா முதலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து திருவொற்றியூரில் ஏதோ கம்பெனியில் பாய்லர் வேலை பார்க்கிற ஒருவர், காக்கிச் சட்டையோடு, மடியில் சாப்பாட்டுத் தூக்கு வைத்துக்கொண்டிருந்தார். அன்று புது நோயாளிகள் அவர்கள் இருவர்தான்.

"அண்ணே, ஷிப்டுக்கு நேரமாவுதில்ல? நீங்க முதல்ல போங்க," என்றேன்.

அவர் எழுந்து எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான் நான் செய்தது.

ஊசி கிடைத்ததும் அக்கா வெளியே வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் அவள் காதில் நடந்ததைச் சொன்னேன். ரகசியம் என்றேன். "மாதாவே, நீ நல்லா இருக்கணும்டி" என்றாள்.

ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் நான் மூன்று கேள்வி கேட்டு அட்டையில் எழுத வேண்டும். தலை சுற்றுகிறதா, காது இரைகிறதா, உடம்பில் அரிப்பு உண்டா. உண்டு என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். முதல் இரண்டு மாதம் எல்லாவற்றுக்கும் இல்லை. அவளுக்கு எடை ஏறியது, இருமல் நின்றது, திரும்பக் கூடை தூக்கினாள். மூன்றாவது மாதம் ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"படகுல நிக்கிற மாரியே கீதுடி. காதுல ரயிலு எஞ்சினு ஊதிக்கினே கீது," என்றாள்.

நான் பேனாவைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எயுதாதே. எயுதுனா ஊசிய நிறுத்திட்டு மாத்திரை குடுத்துருவாரு. அப்பால எம்பொண்ணு கதி இன்னாவறது?"

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. நோய் சரியாகிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் தலை சுற்றினால் என்ன. இல்லை என்று எழுதினேன். அடுத்த முறையும் எழுதினேன். கூடை தெருவில் கவிழ்ந்து, குடித்துவிட்டு விழுந்தாள் என்று ஆட்கள் பேசிய வாரமும் எழுதினேன். அந்த அட்டையில் இரண்டரை மாதத்துக்கு இல்லை, இல்லை என்று என் கையெழுத்து வரிசையாக இறங்குகிறது. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று டாக்டர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

ஒரு ஊசி நாள் அவள் வெகு நேரம் கழித்து வந்தாள்.

"இன்னிக்கு சங்கு ஊதலியா? நேரமே தெர்ல," என்றாள். துறைமுகத்துச் சங்கு ஊதி அரைமணி ஆகியிருந்தது. எங்கள் கட்டடத்து ஜன்னல் கண்ணாடியே அதிரும்.

ஊதியதே அக்கா என்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். "இன்னாடி வாய மட்டும் ஆட்டிக்கினு கீறே?" என்றாள்.

டாக்டர் ஏதோ இரும்புக் கவையைத் தட்டி அவள் காதோரம் வைத்துப் பார்த்தார். ஊசியை அன்றே நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். பிறகு அட்டையை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"முன்னாடி எதுவுமே சொல்லலையா?"

"இல்ல சார்."

'திடீரென்று' என்று எழுதினார். அந்தச் சொல் ஆராய்ச்சி அறிக்கையில் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்ததோ எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஊசிகளைக் கொதிக்க வைக்கிற தட்டில் தண்ணீர் வற்றியிருந்தது, போய் ஊற்றினேன்.

நோய் போய்விட்டது, காது திரும்பவில்லை. நோவு காதுக்கு ஏறிடுச்சா என்று அவள் என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதன்பின் பார்க்கிறவர்களிடமெல்லாம், "உசிரு போயிருக்கும். காதோட உட்டுச்சு. எதிர்வூட்டுப் பொண்ணு ஊசி வாங்கிக் குடுக்கலேன்னா நானு இல்லே," என்று சத்தமாகச் சொல்வாள். தன் குரல் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

கூடையோடு போகும்போது ஒவ்வொரு மாடியாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். சைக்கிள் மணி கேட்காமல் இரண்டு தடவை அடிபட்டாள். அதற்குப் பிறகு மகள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். ஜன்னலில் யார் கூப்பிட்டாலும் அவள்தான் கேட்டு, அம்மாவின் முந்தானையை இழுத்துக் கை காட்டுவாள். இருவருக்கும் தனியாக ஒரு ஜாடைப் பேச்சு வந்துவிட்டது. பத்து வருஷம் அப்படியே ஓடியது. பாய்லர்காரரை ஒரு தடவை டோல்கேட் போகிற பஸ்ஸில் பார்த்தேன். மாத்திரையிலேயே சுத்தமாகக் குணமாகிவிட்டதாம். மறுபடியும் கும்பிட்டார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்தாள். அப்போது கவர்கள் கிடையாது, அந்த ஆராய்ச்சி எப்போதோ முடிந்துவிட்டது. மருத்துவமனையாக மட்டும் நடந்துகொண்டிருந்தது, டாக்டரும் வேறு. நான் மட்டும் அதே மேசையில் இருந்தேன். பதினேழு வயதுப் பெண்ணுக்கு எச்சிலில் ரத்தம்.

"அதே ஊசி போட்டுடு," என்றாள் அக்கா, கட்டடமே கேட்கிற மாதிரி. "எனக்குப் போட்டியே, அது."

எக்ஸ்ரேயைப் பார்த்த புது டாக்டர், பக்கத்துத் தெரு ஆட்கள்தானே, ஊசிக்கு வந்து போக முடியும் என்று ஊசியே எழுதினார். அம்மாவுக்கு அந்த ஊசியில்தான் காது போனது சார் என்றேன். அப்படியென்றால் மகளுக்கும் ஆபத்து இருக்கலாம், மாத்திரை மட்டுமே கொடுக்கலாம், ஆனால் ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிடணும், அவர்களைச் சம்மதிக்க வையுங்கள் என்றார். இந்தப் பேட்டையில் மாத்திரைக்குச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெளியே வந்து மாத்திரைதான் என்று ஜாடை காட்டினேன். அக்கா முகம் மாறியது.

"எனக்கு ஊசி, எம்பொண்ணுக்கு வெறும் மாத்திரையா? அவ செத்துட்டா எனக்கு யாருகீறா? நீ சொன்னா நடக்கும். அன்னிக்கு நடந்துச்சில்லே," என்றாள். மாத்திரையைக் கொடுத்தால் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, எங்காவது தனியார் டாக்டரிடம் அந்த ஊசியையே போட வைப்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மகளை மேசைக்குக் கூப்பிட்டேன். பீரோவிலிருந்து பழைய அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். 'இல்லை' என்கிற ஒரே சொல்லைப் படிக்க மூன்றாம் வகுப்புப் படிப்பு போதும். விரல் வைத்துப் படித்துக்கொண்டே கீழே வந்தாள்.

"இது இன்னாது?"

"காது இரையுதான்னு நான் கேட்டது. உங்கம்மா இரையுதுன்னு சொன்னா. நான் இல்லேன்னு எயுதினேன். நோவால போவலம்மா காது. ஊசியால போச்சு. மொதல்ல மொறையா அவளுக்கு மாத்திரைதான் வந்திருக்கணும். நான்தான் அவளுக்கு முன்னால வேற ஆள உள்ள அனுப்பினேன்."

பத்து வருஷம் மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னபோது பஸ் நம்பர் சொல்கிற மாதிரி வந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு அடி தூரத்தில் பெஞ்சில் அவள் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியது ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

மகள் எழுந்து அம்மாவிடம் போனாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று நின்றேன். கைப்புயத்தில் ஊசி குத்துகிற மாதிரி காட்டினாள், பிறகு இரண்டு கையையும் விரித்து, வாயை மெல்ல அசைத்து, "தீந்துபோச்சாம்" என்றாள். "இப்ப எங்கியும் வர்றதே இல்லியாம். இந்த மாத்திரதான் அதுக்குப் பதிலாம்."

அக்கா எழுந்து என்னிடம் வந்தாள். என் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ இன்னா பண்ணுவே பாவம். இருந்தா குடுக்காமயா இருப்பே," என்றாள்.

அந்தப் பெண் ஒன்றரை வருஷம் வாரம் தவறாமல் மாத்திரை வாங்க வந்தாள். சில வாரம் அம்மா கொடுத்தனுப்பிய மீன் குழம்பைத் தூக்கோடு மேசையில் வைப்பாள். என்னோடு ஒரு பேச்சு கிடையாது. மாத்திரைக்காரர்களுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை, அவள் அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் கேட்டேன், காது இரையுதாம்மா என்று.

"இல்ல," என்பாள். "எயுதிக்க."

ஓரத்தில் எழுதிக்கொள்வேன்.