கால் எட்டாத சீற்

சைக்கிள் கடையில் ஆண்கள் சீற்றைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பதைக் கண்டால் எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கும்.

நான் முள்ளியவளையிலிருந்து முல்லைத்தீவுக்குத் தையல் வேலைக்குப் போகிறவள். மெசினில் குனிந்து குனிந்து இடுப்புக்குப் பின்னால் நாரியில் நோ வந்துவிட்டது. பஸ்ஸில் இருக்க இடம் கிடைப்பதில்லை. தொங்கிக்கொண்டு போய் இறங்கினால் நிமிர முடியாது. பழைய சைக்கிளோ பஸ்ஸைவிட மோசம். "வேலையை விட்டுட்டு வீட்டில இருமன்" என்று இவர், என் கணவர், சொல்லத் தொடங்கியிருந்தார். எனக்கு வீட்டில் இருக்க விருப்பமில்லை. நாரிக்கு ஏற்ற சைக்கிள் ஒன்று கிடைத்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போகும். அவ்வளவுதான்.

எந்தச் சைக்கிள் நல்லதென்று கிளினிக்கில் அப்பியாசம் சொல்லித்தருகிற பிள்ளையிடம் கேட்டேன். "அன்ரி, மெத்தெண்ட சீற்றைப் பாத்து ஏமாறாதேங்கோ. மிதி கீழ போகேக்க கால் கிட்டத்தட்ட நீளவேணும். ஹாண்டிலைக் கூனாமல் பிடிக்கவேணும்" என்றாள். எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இரண்டு பாதமும் நிலத்தில் முட்டும்படி சீற்றைக் கீழே பதித்துத்தான் சைக்கிள் ஓடுகிறோம். முழங்கால் வயிற்றுக்குக் கிட்ட வரும், முதுகு வளையும். அதுதான் அடக்கம் என்று நினைத்திருந்தோம்.

இவரோடு கடைக்குப் போனேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நீளமாகக் கிடந்த வாங்கிலில் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள், எதுவும் வாங்க வந்தவர்களல்ல. நோ எனக்கு. ஆனால் கடைக்காரர் இவரைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"அக்காக்கு நாரிப் பிரச்சினை எண்டால் இதுதான் அண்ணை சரி. சோபா மாதிரி." வெற்றிலை எச்சிலில் சிவந்த பெருவிரலால் ஒரு அகன்ற சீற்றை அமுக்கிக் காட்டினார். விரலின் ஈரம் அதில் பதிந்தது.

"சோபா எண்டால் ரிவியையும் பூட்டிக் குடன்" என்றான் வாங்கிலில் இருந்த ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூச்சத்தில் எனக்கு அப்படித்தான் வரும்.

பிறகு வளைந்த ஹாண்டில் வைத்த ரேசிங் சைக்கிள் ஒன்றை உருட்டி வந்தார். "இப்ப எல்லாம் காப்பெற் தார் றோட்டுத்தானே அக்கா. இது பறக்கும். வெளிநாட்டில கிழவியளும் இதிலதான் போகினம்." மறுக்கத் தெரியாமல் ஏறினேன். ஹாண்டிலைப் பிடிக்க நெஞ்சு பாருக்கு மேல் படுத்தது. நாரிக்குள் பிடித்து இழுத்தது. வாங்கிலில் இருந்தவர்கள் என் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது திரும்பாமலே தெரிந்தது. இறங்கினேன். நான் இருந்த சீற்றில், சூடு ஆறுவதற்குள், ரிவி பூட்டச் சொன்னவன் வந்து கையை வைத்துத் தட்டினான்.

"சின்னச் சீற். அக்காக்குக் காணாது."

இவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. போனால் வீட்டோடுதான் இருக்கவேண்டும். வரிசையின் கடைசியில் ஹாண்டில் உயர்ந்து ஓட்டுகிறவர் பக்கம் வளைந்த ஒரு சாம்பல் நிறச் சைக்கிள் நின்றது. பிடித்துப் பார்த்தேன். முழங்கை மடிந்தது, முதுகு நிமிர்ந்தே நின்றது. சீற்தான் பதிந்து கிடந்தது.

"சீற்றை உயர்த்தித் தாங்கோ" என்றேன். முதல்முறை என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன்.

"பொம்பிளையளுக்கு இது காணும் அக்கா. கால் நிலத்தில முட்டவேணுமெல்லே."

"ஓம், காணும்" என்றார் இவரும்.

"உயர்த்தினால் பின்னால வாறவன்தான் பாத்துப் பாத்து விழுவான்" என்றான் வாங்கில்காரன்.

நான் ஹாண்டிலை விடவில்லை. "கிளினிக்கில சொன்னவை" என்றேன். கிளினிக் என்றதும் கடைக்காரர் சீற்றின் கீழிருந்த பிடியைத் தளர்த்தி உயர்த்தினார். ஏறினேன். கால் பெருவிரல் நுனி மட்டும்தான் நிலத்தில் பட்டது. வயல்கரையோரமாகக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினேன். ஒவ்வொரு மிதிக்கும் கால் நீண்டது. நாரியில் ஒரு இழுவையும் இல்லை. இதுதான் வேண்டுமென்றேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகச் சைக்கிளை எடுத்தால் சீற் பழையபடி கீழே கிடந்தது.

"நான்தான் பதிச்சனான்" என்றார் இவர், தேத்தண்ணிக் கோப்பையோடு. "உயரத்தில இருந்து போனால் ஒருமாதிரிக் கிடக்கு."

"என்ன மாதிரி?"

"நேற்று அவங்கள் கதைச்சது உமக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது. உங்களுக்கும் கேட்டதோ?"

அவர் தேத்தண்ணியை ஊதினார். கேட்டிருக்கிறது. அந்தக் கையும் கண்ணில் பட்டிருக்கிறது. அவனிடம் ஒரு சொல் சொல்ல வராதவர், யாரும் இல்லாத நேரம் பார்த்து என் சீற்றைப் பதித்திருக்கிறார். வெற்றிலை எச்சிலைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அவங்கட வாயை விட்டுட்டு என்ர சீற்றையே பதிச்சனீங்கள்?"

இவரோடு நான் அப்படிக் கதைத்ததில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். நான் பிடியைத் தளர்த்தி, சீற்றை இடுப்பளவுக்கு உயர்த்தி, இறுக்கினேன். அவருக்கு முன்னாலேயே ஏறிப் போனேன்.

இப்போதும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். நாரி முன்னைப்போல நோவதில்லை. பிறகு அவர் அதில் கை வைத்ததில்லை. ஆனாலும் காலையில் ஏறுமுன் சீற் எந்த அளவில் நிற்கிறது என்று தொட்டுப் பார்க்கிறேன். அப்படித் தொட்டுப் பார்க்கவேண்டியிருப்பதுதான் எனக்குக் குமட்டுகிறது.