மலையா, மாலையா

ஆபிதாவும் ஜோதியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தில்லைநகரில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த மென்பொருள் அலுவலகம். ஆபிதா பாலக்கரை, ஜோதி ஸ்ரீரங்கம். மதியம் ஒருத்தி டப்பாவில் மற்றவள் கை நுழையும்.

இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி ரங்கநாதன் சொன்ன வாரம், பழைய கணினி நிரல் ஒன்று ஆபிதாவிடம் வந்தது. அது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் சர்வீஸுக்காக, பி.எச்.பி. என்ற கணினி மொழியில் என்றோ எழுதப்பட்டது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதை பைத்தான் மொழிக்கு மாற்ற வேண்டும். பார்க்கிறவருக்கு எதுவும் மாறியிருக்கக் கூடாது. உள்ளே மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அந்த மனிதர் நிரலுக்குள் வைத்த பெயர்களையெல்லாம் தமிழிலேயே, ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தார். kalai என்றால் காலை. அப்படியானால் malai? மாலை என்றுதான் ஆபிதாவும் முதலில் நினைத்தாள். ஆனால் மாலை நேரத்துக்கு sayandharam என்று தனியாக ஒன்று இருந்தது. இரண்டு நாள் தோண்டியபின், malai-க்குள் இருந்த முகவரிகளைத் திரையில் கொட்டிப் பார்த்தாள். எல்லாம் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். மலை! பொன்மலை! தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அந்தப் பெயரைக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள்.

வியாழக்கிழமை ஜோதி கேட்டாள். “ஆபி, உன் ஃபோல்டரை அனுப்புடீ. டெஸ்ட் பண்ணித் தரேன்.”

ஆபிதா அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ரங்கநாதன் முன்னால் நிரலை ஓட்டிக் காட்டியது ஜோதி. முதல் வரியில் அவள் பெயர். “நான் பண்ணினது சார்,” என்றபோது அவள் ஆபிதா பக்கம் திரும்பவேயில்லை.

“எல்லாம் சரிம்மா, காலைல பொன்மலைப் பக்கம் ஒரு பிள்ளையக்கூடக் காணோமே? லீவா?” என்றார் ரங்கநாதன்.

ஜோதி தேடினாள். malai இருந்த இடத்திலெல்லாம் ‘ஈவ்னிங்’ என்று இருந்தது. தன் கை பட்டதாகத் தெரிய, பெயரைத் தவிர அவள் செய்த ஒரே மாற்றம் அது.

“அது மாலை இல்ல சார், மலை. பொன்மலை,” என்றாள் ஆபிதா.

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான்தானே சார் எழுதினேன்.”

“சேர்ந்துதான் சார் பண்ணினோம்,” என்றாள் ஜோதி, சட்டென்று.

ரங்கநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இதை முடிச்சுட்டேன்னு ஜோதி சொன்னதும் காலைலயே அவளை நிரந்தரமாக்குற ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. சரி, கூட உக்காந்து சரி பண்ணிக் குடு. திங்கக்கிழமை வேன் ஓடணும்.”

மாடிப்படியில் ஜோதி வழிமறித்தாள். “எல்லார் முன்னாடியும் காட்டிக் குடுத்துட்டியே ஆபி! தனியாச் சொல்லியிருக்கலாம்ல?”

 யார் யாரைக் காட்டிக் கொடுத்தது என்று சொல்லிப் புரியவைக்கிற இடத்தில் அவர்கள் இப்போது இல்லை.

ஆபிதா திரும்பிப் போய்க் கணினி முன் உட்கார்ந்தாள். ‘ஈவ்னிங்’ ஒவ்வொன்றையும் அழித்து, ponmalai என்று முழுதாக அடித்தாள். காலைப் பட்டியலில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள். பிறகு முதல் வரிக்குப் போய் அங்கிருந்த ஜோதியின் பெயரை அழிக்கப் போனாள்.

அந்த ஒரு வரி மட்டும் பூட்டியிருந்தது; அதை மாற்ற அவளுக்கு அனுமதி இல்லை என்றது திரை.