ஞானம்மாள் அக்கா மாற்றிய கதவு

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பி.ஏ. படித்தவள் என்றாலும், நாலு பேர் முன் எழுந்து நிற்கவே கூசுகிறவள் நான். பள்ளி மலரில் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞானம்மாள் அக்காவைப் பற்றி எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

லீவு முடிந்தும், என்னோடு இங்கே ஆசிரியையாக இருந்த அக்கா தம் ஊரான நாசரேத்திலிருந்து திரும்பவில்லை. மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார். "நாசரேத்திலேருந்து தந்தி. ஞானம்மா போயிட்டா." பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். விடை தப்பு. ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய சந்தில் நாங்கள் இருவரும் ஒரு சிறு வீட்டில் குடியிருந்தோம். அவர் கிறிஸ்தவர், நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டுப் பெண். ஆளுக்கு ஓர் அறை, நடுவே ஒடுங்கிய கூடம், அதில் என் மேசை. யுத்தம் முடிந்த வருஷம், உள்ளே திறக்கும் தம் அறைக் கதவைக் கூடத்துப் பக்கம் திறக்கும்படி மாற்ற அக்கா ஓர் ஆசாரியை அழைத்துவந்தார்.

ஆசாரி நிலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "கதவு உள்ளதான் தொறக்கணும் டீச்சரம்மா. வெளிய தள்ளுனா லெச்சுமி தங்க மாட்டா."

"நான் வேதக்காரி. லெச்சுமி வந்தா, அந்தா, அவ ரூமுக்குப் போகச் சொல்லுதேன்" என்று அக்கா என்னைக் காட்டினார். "அவ கதவு உள்ளதான தொறக்குது!"

ஆசாரி சிரித்துவிட்டார். நிலையின் மறுபக்கம் பள்ளம் எடுத்து, பழைய கீலையே மாற்றிப் பூட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசினால் அந்தக் கதவு படீரென்று என் மேசையில் மோதும், மைக்கூடு கவிழும். என் இடத்தை எடுத்துக்கொண்டார் என்று மனதுக்குள் புழுங்கினேன். சொல்ல வாயில்லாமல், தினமும் மேசையை நாலு விரற்கடை சத்தமாக இழுத்துப் போட்டேன்.

"ஏளா, ஒன் மேசை தெனமும் நடக்குதே, எங்க போகுதாம்?"

"காத்து வாங்கக்கா."

"கதவு மேல கோவமாக்கும்." அக்கா மேசை ஓரத்தில் சாய்ந்தார். "எனக்கு அப்பப்ப மயக்கம் வரும்ளா. நீ ஊருக்குப் போயிருந்தப்ப ஒருநா கதவு மேலேயே விழுந்து கெடந்தேன். நானாத் தெளிஞ்சுதான் எந்திரிச்சேன். நீ வந்து தள்ளுனாலும் என் மேலதான தள்ளணும்? இப்ப இழுத்தாப் போதும். இழுக்க நீ இருக்கன்னுதான் மாத்துனேன்."

அன்றே மேசையை என் அறைக்குள் கொண்டுபோனேன்.

நாசரேத்தில் அவர் தம்பி வீட்டுக் குளியலறைக் கதவு உள்ளே திறப்பது. அதன்மேல் சாய்ந்து விழுந்திருக்கிறார். கதவைப் பெயர்த்தெடுக்க நெடுநேரம் ஆனதாம். துக்கத்துக்குப் போனபோது, சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று வைத்தியரைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சு காதில் ஏறுவதில்லை. கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்றே பார்க்கிறேன். அக்காவிடமிருந்து எனக்குத் தங்கியது இந்தப் பார்வைதான்.

நிர்வாகத்தாரிடம் நேரில் கேட்க இரண்டு முறை வந்து, வாசலோடு திரும்பிவிட்டேன். இங்கே கேட்டுவிடுகிறேன். நம் விடுதியில் காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தனியே படுக்கவைக்கும் அறையின் கதவும் உள்ளேதான் திறக்கிறது. அடுத்த பிள்ளை அங்கே படுக்கும் முன் அதை மாற்றிக் கொடுங்கள்.