மூன்று சாத்திரத்திலும் ஆடு

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, மத்தியானமே வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "நான் ஆடு" என்றார்.

கல்கத்தாவிலிருந்து தோல் வாங்க வந்திருந்த சீனாக்காரர் ஒருவர், டீ குடிக்கிற நேரத்தில் இவர் வயதைக் கேட்டு விரலை மடக்கியிருக்கிறார். அவர்கள் கணக்கில் வருஷத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மிருகமாம். இவர் பிறந்தது ஆட்டு வருஷம். அதே வருஷம் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தால் அந்த ஆளுக்கு ஆகாதாம். வந்திருப்பது இப்போதுதான். அதோடு விட்டிருக்கலாம். மேனேஜர் சும்மா இருக்காமல் இங்கிலீஷ் பத்திரிகையைப் பிரித்து, மார்கழியில் பிறந்தவனுக்கு வெள்ளைக்காரன் சாத்திரத்திலும் ஆடுதான் என்று படத்தைக் காட்டிவிட்டார். நாம் முதலை போடுகிற மகரத்துக்கு அவர்கள் கொம்பு வைத்த ஆட்டைப் போட்டிருக்கிறார்கள். நம் ஜாதகத்திலாவது தப்பித்தாரா என்றால், மேஷ ராசி.

"மூணு தேசத்துக்காரனும் ஒண்ணாச் சொல்றான். நான் இன்னாடான்னா தெனம் உக்காந்து ஆட்டுத்தோலப் பொரட்டிக்கினு இருக்கேன். அடுத்தது யார் தோலு?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனாக்காரருக்கு வருஷம் சொன்னால் போதும், வெள்ளைக்காரனுக்கு மாதம் போதும். நம் ஜோசியர் நாழிகை, விநாடி வரைக்கும் கேட்டு வாங்கிக் கட்டம் போட்டும் அதே ஆட்டில்தான் வந்து நின்றார். இதற்கு எதற்கு அவருக்கு வெற்றிலை பாக்கு தட்சிணை? ஆனால் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. எனக்கு ஐந்தாம் மாதம். திங்கட்கிழமை இவர் போகாவிட்டால் அந்த இடத்தில் உட்கார மேனேஜரின் மச்சான் தயாராக இருந்தான். எனக்குப் பயமாக இருந்தது.

சூனியம் வைத்தவரே வந்து எடுக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சீனாக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கறி எடுக்க இவர் விடவில்லை, கத்திரிக்காய்க் குழம்புதான் வைத்தேன். அவர் இந்துஸ்தானியில் பேசினார். பாதி ஊர் உருது பேசுகிற ஆம்பூரில் குடித்தனம் செய்கிற எனக்கு அது புரியாமல் போகுமா? பரிகாரம் சுலபம் என்றார். வருஷம் முடிகிறவரை இடுப்பில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டால் போதும்.

இவர் மெதுவாகச் சட்டையைத் தூக்கி, சிவப்பு அரைஞாண் கயிற்றைக் காட்டினார். சீனாக்காரர் குழம்புக் கையோடு எட்டிப் பார்த்தார். யார் சொல்லிக் கட்டினீர்கள் என்று கேட்டார். ஊரில் எல்லா ஆம்பிளைகளும் கட்டியிருக்கிறார்கள் என்று நான்தான் சொன்னேன். ஊரே ஆடா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"அப்புறம் இன்னா பயம்? நாளைக்கி வேலைக்குப் போங்க" என்றேன்.

"இது எங்கம்மா கட்டனது. சீனா ஆட்டுக்கு எப்படிச் செல்லும்?" என்று கையைக் கழுவிக்கொண்டு பாய்க்குப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வயிற்றைக் காட்டி, ஐப்பசியில் பிறக்கப்போகிற இது என்ன மிருகம் என்று சீனாக்காரரைக் கேட்டேன். அவர் விரலை மடக்கக்கூட இல்லை. இதே வருஷம்தானே, இதுவும் ஆடு என்றார்.

படுக்கப் போனவர் எழுந்து உட்கார்ந்தார். என் வயிற்றைப் பார்த்தார்.

"காலையில சீக்கிரம் எழுப்பு. நான் படுத்துக்கினா குட்டிக்கு யாரு தழ ஒடிச்சுப் போடறது?" என்றார்.