நாலு கிலோவும் ஒற்றைக் குதிரையும்

கலஹாவிலிருந்து கண்டிக்கு ஓடும் எங்கள் பஸ்ஸின் கொண்டக்டர் பழனியாண்டி ஒரு ஜொக்கி. பந்தயக் குதிரை ஓட்டுகிறவர். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நாங்களும் சிரித்தோம்.

ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. மற்ற கொண்டக்டர்மார் நெரிசலில் கத்தி, தள்ளி, திட்டு வாங்கித்தான் நகர்வார்கள். இவர் ஆட்களின் கைகளுக்குக் கீழாலேயே முன்வாசலில் மறைந்து பின்வாசலில் முளைப்பார். டிக்கட் எடுக்காமல் போக நினைக்கிறவனுக்கு அவரைவிட ஆபத்தான மனிதர் கண்டி மாவட்டத்தில் இல்லை. இதை நான் அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸுக்கு வேறொருவரைப் போட்டுவிட்டுத் திகனவுக்குப் போவார். அங்கே ஒரு முதலாளியின் லாயத்தில் இரண்டு குதிரைகள் நிற்கின்றன. அவற்றை ஓட்டிப் பழக்குவது இவர் வேலை. ஏப்ரல் வந்தால் குதிரைகளோடு நுவரெலியாவுக்கு ஏறுவார். தொண்ணூற்றோராம் ஆண்டிலிருந்து இதுதான் நடந்தது. போன வருஷம் பிறக்கும்போது அவர் கணக்கு, இருபத்தாறு வருஷத்தில் ஆறு தடவை இரண்டாவது. முதலாவதாக ஒரு தடவையும் வந்ததில்லை.

அவர் சொல்லித்தான் எங்களுக்கு நுவரெலியாப் பந்தயத்தின் பழைய கதையெல்லாம் தெரியும். ஆனால் அவர் கதை சொல்வது டிக்கட் போட்டுக்கொண்டே.

"வெள்ளக்காரன் காலத்துல குதிரைக்குத் தனி ரயில் பெட்டிங்க. கொழும்புலருந்து நானுஓயா வரைக்கும் வைக்கோல் மெத்தையில படுத்துக்கிட்டு வரும். ஹிந்தகல எறங்குறவங்க முன்னால வாங்க. அவன் போன பெறகும் கொறையல, தொரைமாரு, மந்திரிமாரு, பெரிய பெரிய தொப்பி வெச்ச நோனாமாரு... தம்பி, மிச்சக் காசு இந்தா."

அதற்குள் இறங்கவேண்டிய இடம் வந்துவிடும். மிச்சத்தை மறுநாள் கேட்டால் வேறு இடத்திலிருந்து தொடங்குவார். அப்படித் துண்டு துண்டாகச் சேர்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷத்தில் பந்தயம் நின்றுபோனது. ரொம்ப காலம் திடலில் மாடு மேய்ந்தது. பிறகு திரும்ப ஆரம்பித்தார்கள். இவர் முதல்முதல் ஓடியபோது ஒரு ஓட்டத்துக்குப் பத்துக் குதிரை, பன்னிரண்டு குதிரை. வேலியோரம் சனம் நின்ற நெருக்கத்தில் ஒருவன் மயங்கினால் விழுவதற்குக்கூட இடம் இருக்காதாம். இப்போது ஒரு ஓட்டத்துக்கு ஐந்து வந்தால் அதிசயம். வெளிநாட்டிலிருந்து குதிரை இறக்குவது யானை விலை. பழைய முதலாளிமார் செத்துப்போனார்கள், அவர்களுடைய பிள்ளைகள் கார் வாங்குகிறார்கள். சில வருஷம் பந்தயம் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளியே சீசன் முடிந்துவிடும்.

போன வருஷம் ஜனவரியில் பழனியாண்டி ஒரு விஷயத்தை டிரைவர் கிளறன்ஸிடம் மெதுவாகச் சொன்னார். கிளறன்ஸ் பெரிய அந்தோனியார் பக்தர். கியர் போடும்போது மட்டும் கெட்ட வார்த்தை பேசுவார். அவரிடம் மெதுவாகச் சொன்னால் முழுப் பஸ்ஸுக்கும் கேட்கும்.

"இதுதாண்ணே கடைசி. வர்ற வருஷம் டொக்டர் லைசன்ஸ் குடுக்க மாட்டேன்னுட்டாரு. தோள்பட்ட எலும்பு ரெண்டு தரம் ஒடஞ்சது, இனிமே தாங்காதாம்."

"அப்ப இந்தத் தரமாவது மொதலாவதா வாய்யா."

"அதுக்குத்தாண்ணே பாக்குறேன். ஒரே ஒரு தரம்."

இடைஞ்சல் குதிரையால் இல்லை. பிஸ்கட் நல்ல குதிரை. பந்தயப் புத்தகத்தில் நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு, ஆனால் நிறம் அப்படியே பிஸ்கட்தான். இடைஞ்சல் பழனியாண்டியின் வயிறு. அவர் ஓடப்போகும் ஓட்டத்தில் சேணத்தோடு சேர்த்து ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. சேணத்தைக் கழித்தால் ஆளுக்கு ஐம்பத்து நாலு. அவர் இருந்தது ஐம்பத்தெட்டு.

நாலு கிலோ. மார்ச் மாதம் முழுக்க எங்கள் பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை.

கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நடைபாதையில் ஹபீல் நானா ஒரு எடை பார்க்கும் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழனியாண்டி தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, கோயிலுக்குள் போகிற மாதிரி அதில் ஏறுவார். ஹபீல் நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிவார்.

"அம்பத்தேழர. இன்னம் மூணர ஈக்கி."

"நேத்தும் அதுதானே நானா?"

"நா என்ன செய்ய? முள்ளு சொல்றதத்தான் நா சொல்லேலும். நோம்பு புடிச்சிப் பாருங்களே, ஒடம்பு லேசாகும்."

நோன்பு பிடிக்கவில்லை என்றாலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. காலையில் ஒரு முட்டை. பகலில் வெள்ளரிக்காய். வேர்ப்பதற்காகச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நிற்பார். பேராதனையில் கொளுத்தும் வெயிலில் ஏறுகிறவர்கள் கொண்டக்டரைப் பார்த்துவிட்டு இறங்கும்போது குடையை விரிப்பார்கள்.

அவர் மனைவி வீரம்மா கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். ஒருநாள் டவுனுக்கு வந்தபோது பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நா நாளுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து ஏத்தணும்னு மலையில ஓடுறேன். இவரு நாலு கிலோ எறக்கணும்னு பஸ்ஸுல ஓடுறாரு. எங்க வீட்டுல தராசுக்குத்தான் கும்புடு."

பஸ்ஸே சிரித்தது. பழனியாண்டியும் சிரித்துக்கொண்டே மனைவிக்கு டிக்கட் கிழித்தார். அந்த விஷயத்தில் அவருக்குப் பெண்டாட்டியும் ஒன்று, நானும் ஒன்று.

இந்த நேரத்தில் நாங்கள் சும்மா இருந்தோமா என்றால் இல்லை. பின்சீட்டில் இருந்துகொண்டு சுடச்சுட மட்டன் ரோல்ஸ் தின்போம், காற்று அவர் பக்கம் வீசும்போது மட்டும். அது சின்னது. பெரியது ஒன்று உண்டு. எடை மெஷினின் ஓரத்தில் முள்ளைச் சரிசெய்ய ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. ஹபீல் நானா பகல் லுஹர் தொழுகைக்குப் போன நேரத்தில் ஒருவன் அதை ஒரு கிலோ கூடக் காட்டும்படி திருகிவிட்டான். அன்று கண்டியில் எல்லோரும் ஒரு கிலோ கனத்தார்கள். மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பழனியாண்டி ஐம்பத்தைந்தரையிலிருந்து ஐம்பத்தாறரைக்குப் போய்விட்டதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாளும் அதே முள். மூன்றாம் நாள் மகாகந்தையில் டிக்கட் கொடுக்கும்போது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கிளறன்ஸ் பஸ்ஸை ஓரங்கட்டித் தண்ணீர் கொடுத்தார்.

"என்னய்யா, ஒண்ணும் தின்னலியா?"

"ரெண்டு நாளா பச்சத்தண்ணிதாண்ணே. ஏறுன ஒடம்பு எறங்க மாட்டேங்குது. என்னன்னே தெரியல."

அன்று பகல் நான் ஹபீல் நானா தொழுகைக்குப் போகும்வரை வெயிலில் காத்திருந்து சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தேன். மாலையில் பழனியாண்டி ஏறி நின்றார். ஐம்பத்து நாலே முக்கால். ஹபீல் நானா அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். அதைத் திருகியது யாரென்று இதுவரை யாருக்கும் தெரியாது. இப்போது தெரியும்.

ஏப்ரலில் பந்தய நாள் வந்தது. எங்கள் பஸ் முதலாளி சும்மா விடுவாரா? "நுவரெலியா சீசன் ஸ்பெஷல்" என்று அட்டை எழுதி மாட்டிவிட்டார். கிளறன்ஸ் ஓட்ட, வீரம்மா முன்சீட்டில் இருக்க, நாங்கள் முப்பது பேர் கம்பளை வழியாக மேலே போனோம். பழனியாண்டி இரண்டு நாள் முந்தியே குதிரையோடு லொறியில் போயிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் வீரம்மா பந்தயம் பார்க்க வந்தது அன்றுதான் முதல் தடவை. "விழுறதப் போய்ப் பாக்கணுமா?" என்று வராமலே இருந்தவர்.

திடலைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம்தான். பச்சைப் பசேலென்று பெரிதாக இருந்தது, ஆனால் பார்வையாளர் மேடையில் உட்காரும் கதிரைகளில் பாதி காலி. சிலர் மட்டும் பழைய போட்டோவில் இருக்கிற மாதிரித் தொப்பி போட்டிருந்தார்கள். முதல் ஓட்டத்தில் ஐந்து குதிரை. அடுத்ததில் நாலு. மூன்றாவது முடியும்போது மழை பிடித்தது. நாலாவது ஓட்டத்தில் ஒரு குதிரை வளைவில் வழுக்கி, விழாமல் தப்பியது. எல்லோரும் "ஐயோ" என்று எழும்பி உட்கார்ந்தார்கள்.

ஐந்தாவதுதான் பழனியாண்டியின் ஓட்டம். நாலு குதிரை பெயர் கொடுத்திருந்தது. ஒலிபெருக்கி இங்கிலீஷில் என்னமோ சொன்னது, பிறகு சிங்களத்தில் சொன்னது. தமிழில் கிளறன்ஸ் சொன்னார்.

"ஒரு குதிரையோட லொறி ரம்பொடையில மண்ணு சரிஞ்சு நிக்குதாம். மத்த ரெண்டு பேரும் தரை வழுக்குதுன்னு குதிரைய வெளிய எடுத்துட்டாங்க. கால் ஒடஞ்சா வேற குதிரைக்கு எங்க போறது?"

"அப்ப?" என்றார் வீரம்மா.

"நம்ம ஆளு மட்டுந்தான். வோக் ஓவர்."

"ஓட்டம் இல்லியா?"

"இருக்கு. எட போட்டு, ஏறி, ஜட்ஜு கண்ணுக்கு முன்னால கோட்டத் தாண்டணும். எறங்கி மறுபடி எட போடணும். அப்பத்தான் ஜெயிச்சதா எழுதுவாங்க. நடந்து தாண்டினாலும் போதும்."

சனம் குடையை விரித்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தது. ஒற்றைக் குதிரையை யார் பார்ப்பது?

பழனியாண்டி எடை போடுகிற அறைக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். மஞ்சளும் நீலமும் போட்ட பளபள சட்டை. மடியில் சேணம். குதிரை முதலாளி அவர் தோளைத் தட்டிச் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். குதிரையைக் களைக்க விடாதே, நேரே கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நடத்தித் தாண்டிவிடு என்றாராம். இஷ்டமில்லை என்றால் சின்னப் பையன் ஒருத்தன் இருக்கிறான், அவனை ஏற்றுகிறேன் என்றும் சொன்னாராம்.

பழனியாண்டி எழும்பாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். நாலு கிலோவை எதற்காக இறக்கினார்? யாரையாவது முந்துவதற்குத்தானே? முந்த ஆளே இல்லை. பிறகு எழுந்து உள்ளே போய்த் தராசில் ஏறினார். சேணத்தோடு ஐம்பத்தேழு. முள் அசையாமல் நின்றது.

குதிரையில் ஏறியவர் கோட்டுப் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம், ஓட்டம் தொடங்குகிற இடத்துக்குப் போனார். வேகமில்லை, நடைதான். அவ்வளவு தூரமும் மழையில் பிஸ்கட்டை நடத்திக்கொண்டே போனார். முதலாளி கையை ஆட்டினார், கூப்பிட்டார். கேட்கிற தூரத்தில் அவர் இல்லை. தொடங்குகிற இடத்தில் குதிரையைத் திருப்பி நிறுத்தினார். பக்கத்தில் மூன்று குதிரை நின்றால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடத்தை விட்டுவிட்டு, தன்னுடைய இடத்தில் மட்டும் நின்றார். பிறகு புறப்பட்டார்.

ஓட்டம் என்று சொல்ல முடியாது. வளைவில் குதிரையின் காலைப் பார்த்துப் பார்த்து, பொடி நடையை விடக் கொஞ்சம் கூடுதலாக வந்தார். போன சனம் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. குளம்புச் சத்தம் மட்டும் சேற்றில் தொப்புத் தொப்பென்று கேட்டது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. வேலியில் ஏறி நின்று என்னால் முடிந்த அளவு கத்தினேன்:

"அண்ணே, பின்னால வருது! ரெண்டாம் நம்பர் உள்ளுக்கால வருதுண்ணே!"

பழனியாண்டி சட்டென்று திரும்பிப் பார்த்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம். பின்னால் காலித் திடலும் மழையும்தான். எங்களைப் பார்த்தார், பல் எல்லாம் தெரியச் சிரித்தார். அதற்குள் கிளறன்ஸும் பிடித்துக்கொண்டார்.

"மூணாம் நம்பரும் வருது! விட்டுறாத! அந்தோனியாரே, விட்டுறாத!"

பிறகு முப்பது பேரும் கத்தினோம். வாசலில் நின்ற அறியாத சனம்கூடக் கத்தியது. நேர்த் தரை வந்துவிட்டது, அங்கே அவ்வளவு வழுக்கல் இல்லை. பழனியாண்டி குதிரையின் கழுத்தோடு ஒட்டிக் குனிந்து கடிவாள வாரை இளக்கினார். சத்தத்தைக் கேட்ட பிஸ்கட்டுக்கு வோக் ஓவர் என்றால் என்னவென்று யார் சொல்லியிருப்பார்கள்? அது பாய்ந்தது. கடைசி நூறு யார் தூரம் சேற்றை வாரி எறிந்துகொண்டு கோட்டைத் தாண்டியது.

வீரம்மா மட்டும் கத்தவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குதிரை நின்று ஆள் விழாமல் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்ப எடை போட்டார்கள். சேறு ஒட்டியதால் கொஞ்சம் கூட இருந்தது, அது பரவாயில்லையாம். ஒருவர் புத்தகத்தில் எழுதினார். வெளியே வந்தவரிடம் வீரம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"இது கணக்குல வருமா?"

"வரும். எழுதிட்டாங்க."

"அது அவங்களுக்கு. ஒங்களுக்கு?"

பழனியாண்டி முகத்துச் சேற்றைப் புறங்கையால் துடைத்தார். யோசித்தார். கொண்டக்டர் மிச்சக் காசு கணக்குப் பார்க்கிற மாதிரி நிதானமாகத்தான் யோசித்தார்.

"நாலு பேரு பேரு குடுத்தாங்க. வந்தது நானு. வெச்சுக்கிறேன் புள்ள."

"அப்ப சரி," என்றார் வீரம்மா. "வாங்க, போவோம். இருட்டுறதுக்குள்ள எறங்கணும்."

"செத்த இரு. குதிர நனைஞ்சிருக்கு."

அவர் லாயத்துக்குள் போய், ஒரு சாக்கை எடுத்து, பிஸ்கட்டின் முதுகிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். பிறகு விலா. பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்புச் சேற்றைக் குச்சியால் நோண்டி. ஒரு மணித்தியாலம் எடுத்தது. பஸ்ஸில் முப்பது பேர் நனைந்த சட்டையோடு குளிரில் இருந்தோம். கிளறன்ஸ் ஒரு தடவைகூட ஹோர்ன் அடிக்கவில்லை.